ஹாஸ்டலில் விட்டால் எல்லாம் தானாக வந்துவிடுமா?

“ஹாஸ்டலில் போடுங்கள், நாலு பேரோடு இருந்தால் தானாகத் தேறிவிடுவான்.” பிள்ளையை உறைவிடப் பள்ளியில் சேர்க்கலாமா என்று யோசிக்கும் பெற்றோர் இதைக் கேட்காமல் தப்பிக்க முடியாது. நாலு பேரோடு இருந்தால் கற்றுக்கொள்வான், சரி. எதைக் கற்றுக்கொள்வான் என்பதுதான் கேள்வி. அனுசரித்துப் போகக் கற்கலாம். அடுத்தவனை அடக்கி வைக்கக் கற்கலாம். அழுகை வந்தால் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழவும் கற்கலாம். மூன்றையும் ஒரே அறை சொல்லித்தரும்.

தன் உணர்வை அறிவது, அதைக் கையாள்வது, அடுத்தவர் நிலையைப் புரிந்துகொள்வது, உறவைப் பேணுவது, பொறுப்பாக முடிவெடுப்பது என்ற ஐந்தையும் சேர்த்துத்தான் சமூக, உணர்வுக் கற்றல் என்கிறார்கள். பள்ளிகளில் நடந்த இப்படிப்பட்ட 213 திட்டங்களை, சுமார் 2,70,000 மாணவர்களின் விவரங்களோடு, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்த ஆய்வு 2011-ல் வந்தது. திட்டங்களில் சேர்ந்தவர்களின் படிப்பு 11 சதமானப் புள்ளிகள் அளவுக்கு, அதாவது நூறு பேர் வரிசையில் நடுவில் இருப்பவர் சுமார் 11 இடம் முன்னேறும் அளவுக்கு, மேம்பட்டிருந்தது. படிப்படியாக, செய்துபார்க்க வைத்து, அதற்கென்றே நேரம் ஒதுக்கிச் சொல்லிக்கொடுத்த திட்டங்கள்தான் கூடுதல் பலன் தந்தன. ‘தானாக வரும்’ என்று சும்மா விட்டுவிடுவது இந்த வகையில் சேராது.

விடுதியில் நான் அதிகம் பார்க்கும் தவறு, சண்டையைச் சீக்கிரம் முடித்துவைப்பது. ஓர் அறையில் இரண்டு மாணவிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒருத்தி இரவு பதினொன்றரை வரை மேஜை விளக்கைப் போட்டுப் படிக்கிறாள். இன்னொருத்திக்கு வெளிச்சம் இருந்தால் தூக்கம் வராது. பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறாள். பதினோராம் நாள் எழுந்து பிளக்கைப் பிடுங்குகிறாள். கத்தல். வார்டன் வருகிறார், இரண்டு பேரையும் ‘ஸாரி’ சொல்ல வைக்கிறார், மறுநாள் ஒருத்தியை வேறு அறைக்கு மாற்றிவிடுகிறார். ஐந்து நிமிடத்தில் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் பத்து நாள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று ஒருத்திக்குத் தெரியாது. எதிர்க்கட்டிலில் போர்வை தலை வரைக்கும் ஏறியிருந்ததை ஏன் கவனிக்கவில்லை என்று மற்றவளுக்கும் தெரியாது. வார்டனுக்கும் தெரியாது.

அந்த ராத்திரி எதுவும் பேசவே கூடாது, தூங்க விட வேண்டும். மறுநாள் மாலை இருவரையும் கால் மணி நேரம் உட்கார வைக்கலாம். தன் கஷ்டத்தைச் சொல்வதற்கு முன், மற்றவளுடைய கஷ்டம் என்னவென்று ஒவ்வொருத்தியும் சொல்ல வேண்டும். “ஆமாம், அதுதான்” என்று எதிரில் இருப்பவள் ஒத்துக்கொள்ளும்வரை. எரிச்சலான வேலைதான். முதல் முறை இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் பேசுவார்கள். அப்புறம் அவர்களே ஒரு ஏற்பாட்டுக்கு வருவார்கள். பத்தரைக்கு மேல் ஸ்டடி ஹாலில் படிப்பு, பரீட்சை வாரத்தில் மட்டும் விலக்கு என்பதுபோல் ஏதாவது. ஒரு வாரம் கழித்து அது நடக்கிறதா என்று வார்டன் கேட்க வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போவது இந்தக் கடைசி வேலைதான்.

ஆனால் ஒன்று: இப்படி உட்காரவைத்துப் பேசுவது சரிசமமானவர்களுக்கு இடையில் வரும் சண்டைக்கு மட்டும். ஒருவன் இன்னொருவனைத் தொடர்ந்து மிரட்டுகிறான் என்றால் இருவரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்துச் ‘சமரசம்’ பேசுவது கொடுமை. அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பு. ஒழுங்கைக் காக்கும் பொறுப்பைச் சீனியர்கள் தலையில் கட்டிவிட்டு வார்டன் நிம்மதியாகத் தூங்கும் விடுதிகளில்தான் இந்த மிரட்டல் மூடி மறைக்கப்படுகிறது. சீனியருக்குப் பொறுப்பு கொடுங்கள். புதுப் பிள்ளைக்கு வழி காட்டலாம், பாடம் சொல்லித்தரலாம். தண்டிக்கும் உரிமையை மட்டும் கொடுக்காதீர்கள். புகார்ப் பெட்டியை எல்லோரும் பார்க்கும் இடத்தில், வார்டன் அறை வாசலிலேயே மாட்டிவிட்டு, “ஒரு புகாரும் வரவில்லை” என்று பெருமைப்படுவதும் உண்டு. யார் போய்ப் போடுவார்கள்?

பெற்றோர் பக்கம் வந்தால், நல்லெண்ணத்தில் செய்யும் ஒரு தவறு இருக்கிறது. “பிடிக்கவில்லை என்றால் ஒரு போன் போடு, அடுத்த நாளே வந்து கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன்.” வாசலில் பிள்ளை கையை விடாதபோது யாருக்கும் வாயில் வந்துவிடும். ஆனால் உன்னால் சமாளிக்க முடியாது என்று அப்பாவே நினைக்கிறார் என்றுதான் அது பிள்ளையின் காதில் விழும். அதற்கப்புறம் அழுகை வரும்போதெல்லாம் மனம் சமாளிக்க வழி தேடாமல் போனைத் தேடும். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2007-ல் வீட்டு ஏக்கம் பற்றி வெளியிட்ட அறிக்கையும் இப்படி வாக்குக் கொடுக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறது. சேர்ப்பதற்கு முன்பே தெரிந்தவர் வீட்டில் இரண்டு, மூன்று இரவு தங்கவைத்துப் பழக்குவதும், சேர்க்கும் முடிவில் பிள்ளையையும் கலந்துகொள்வதும் உதவும். வீட்டு நினைப்பு வருவது சாதாரணம் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால், வந்த அன்று தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று பிள்ளை பயப்படாது. வாரக்கணக்கில் சாப்பாடும் தூக்கமும் கெட்டால் அது வேறு கதை. அப்போது போய்ப் பார்க்கத்தான் வேண்டும்.

போனில் பிள்ளை அழுதால் வீட்டில் எல்லோரும் பதறுகிறோம். அழாத பிள்ளையைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. “செட்டில் ஆகிவிட்டான், பிரச்சினையே இல்லை” என்று முதல் வாரத்திலேயே சொல்லப்படும் பிள்ளையைத்தான் நான் இரண்டாம் முறை பார்ப்பேன். வாரம் மூன்று தடவை வயிற்றுவலி என்று மருத்துவ அறைக்குப் போகிறானா? விளக்கணைத்த பிறகு விழித்தே கிடக்கிறானா? பிரிட்டனைச் சேர்ந்த ஜாய் ஷாவெரியன் என்ற உளச்சிகிச்சையாளர் 2011-ல் ‘உறைவிடப் பள்ளி நோய்க்குறி’ என்று ஒரு பெயர் வைத்தார். மருத்துவம் முறைப்படி ஏற்ற நோய்ப்பெயர் அல்ல அது. சிறு வயதில் விடுதிக்குப் போய் உணர்வைப் பூட்டிவைக்கப் பழகியவர்கள், வளர்ந்த பிறகு நெருங்கிய உறவுகளில் தடுமாறுவதை அவர் அப்படிக் குறிப்பிட்டார்.

அதற்காக முப்பது பேரை வட்டமாக உட்காரவைத்து “மனதில் இருப்பதைப் பகிருங்கள்” என்று கேட்க வேண்டாம். பதின்ம வயதுப் பிள்ளை கூட்டத்தில் மனம் திறக்காது. துணி மடிக்கும்போது, ஷூவுக்கு பாலிஷ் போடும்போது, பக்கத்தில் இருப்பவரிடம் பேசும்.

தூக்கத்தையும் மறக்க வேண்டாம். 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரம் தேவை. நள்ளிரவில் படுத்து ஐந்து மணிக்கு எழும் பிள்ளைகளிடம் கோபத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லி வகுப்பு எடுப்பது வீண்.

அப்புறம் முதல் விடுமுறை. ஊருக்கு வந்த நாலாம் நாள், பேச்சுவாக்கில் ஹாஸ்டலை “எங்க ரூம்” என்று சொல்லிவிட்டுப் பிள்ளை நாக்கைக் கடித்துக்கொள்ளும். “அதுக்குள்ள அது உன் ரூம் ஆயிடுச்சா?” என்று குத்திக்காட்டிவிடாதீர்கள். அந்த ரூமில் யார் யார் இருக்கிறார்கள், யார் குறட்டை விடுவது என்று கேளுங்கள். முக்கால் மணி நேரம் பேசும்.