நேற்று முடிந்தது இன்று ஏன் முடியவில்லை?

ஆட்டிசம் உள்ள ஒருவர் நன்றாகப் படித்து வேலைக்கும் போய்விட்டால், இனி அவருக்கு உதவியே வேண்டாம் என்று வீட்டிலும் அலுவலகத்திலும் முடிவு கட்டிவிடுகிறார்கள். அவர்களை அதிகம் வதைக்கும் தவறு இதுதான் என்பேன்.

அறிவுக்கூர்மை வேறு, அன்றாடப் பாட்டைப் பார்த்துக்கொள்வது வேறு. ஐ.க்யூ. நன்றாக இருக்கும் பலருக்கும் அன்றாட வேலைகளில் கைகொடுக்க ஆள் தேவைப்படுகிறது. குளிப்பதையே எடுத்துக்கொள்வோம். மூழ்கியிருக்கும் வேலையை விட்டு எழ வேண்டும், துண்டும் மாற்றுத் துணியும் தேட வேண்டும், தலையில் தண்ணீர் விழும் சத்தத்தைத் தாங்க வேண்டும், ஈர உடம்பில் துணி ஒட்டுவதைச் சகிக்க வேண்டும். நமக்கு ஒரே வேலை. அவருக்குப் பத்துப் பதினைந்து. முதல் அடி எடுத்து வைப்பதே பெரும்பாடு. அங்கே போய் ‘சோம்பேறி’ என்றால் மனம் நொறுங்குமே தவிர, கால் நகராது. துணியை முன்பே எடுத்து வைப்பதும், படிகளை எழுதிச் சுவரில் ஒட்டுவதும் நகர்த்தும்.

அடுத்தது, “நேத்து செஞ்சியே, இன்னைக்கு என்ன வந்துச்சு?” என்ற கேள்வி. நேற்று நன்றாகத் தூங்கியிருப்பார். இன்று டியூப்லைட் இரைச்சலும், கடைசி நேரத்தில் மாறிய திட்டமும் தெம்பை உறிஞ்சியிருக்கும். நாள் முழுக்க மற்றவர் போலவே பேசி, முகம் பார்த்து, கையை ஆட்டிக்கொண்டே இருக்கும் பழக்கத்தை அடக்கி நடித்துவிட்டு வீடு திரும்புகிறவருக்குச் சில சமயம் பேச்சே எழாது. அது திமிர் இல்லை. இப்படி மறைத்து வாழ்வதற்கும் மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் ஆகியவற்றுக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. அந்த நேரத்தில் கேள்வி கேட்காதீர்கள். விளக்கைக் குறைத்துவிட்டு விலகி இருங்கள். அவசரமென்றால் மெசேஜில் கேளுங்கள்.

மனநலக் குறைபாடுகளைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும், 2013இல் வந்த டி.எஸ்.எம்.-5 கையேடு, ஆட்டிசத்துக்கு தேவைப்படும் உதவியை வைத்து மூன்று நிலைகளைச் சொல்கிறது. அதை ஆயுள் முத்திரையாக எடுத்துக்கொள்வது தவறு. சூழலுக்கும் காலத்துக்கும் ஏற்ப அது மாறலாம் என்று அந்தக் கையேடே சொல்கிறது. முதல் நிலைக்கும் ‘உதவி தேவை’ என்றுதான் பொருள்.

உதவியால் ஒருவர் சமாளிக்கிறார் என்றதும் அந்த உதவியை நிறுத்திவிடுவதும் நடக்கிறது. மனநல மருத்துவர் லியோ கானர் 1943இல் ஆட்டிசம் பற்றி எழுதிய கட்டுரையின் முதல் நபரான டொனால்ட் டிரிப்லெட், பிறகு பல்லாண்டு வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், ஊர் ஊராகப் பயணம் செய்தார். குடும்பத்தின் வசதியும், அவரை அவராகவே ஏற்றுக்கொண்ட சிற்றூரும் கடைசிவரை கூடவே இருந்தன. அவர் திறமையை மட்டும் சொல்லி இதை விட்டுவிட்டால் பாதிக் கதைதான்.

இன்னொன்றை மருத்துவர்களும் தவறவிடுகிறார்கள். திடீரென்று ஒருவர் சாப்பிட மறுத்தாலோ, கோபம் கூடினாலோ, தெரிந்த வேலையே வராமல் போனாலோ, ‘ஆட்டிசம்தானே’ என்று விட்டுவிடக் கூடாது. வலிப்பு, தூக்கக் கோளாறு, வயிற்றுக் கோளாறு, பதற்றம் எல்லாம் இவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன. பசியையும் வலியையும் தன் உடம்பிலேயே இனம் காணச் சிரமப்படுகிறவர்களும் உண்டு. “எங்கே வலிக்கிறது?” என்று கேட்டால் பதில் வராது. பல், காது, வயிறு என்று ஒவ்வொன்றாகப் பரிசோதித்துத்தான் பார்க்க வேண்டும்.