திவால் மனு மட்டும் போதாது: அமெரிக்க மாணவர் கடனைத் தீர்க்கத் தனி வழக்கு

அமெரிக்காவில் சாப்டர் 7 எனும் வகைத் திவால் (விற்கக்கூடிய சொத்தை விற்றுக் கடனைத் தீர்ப்பது) முடிந்ததும் கிரெடிட் கார்டு பாக்கி போய்விடும், மருத்துவமனை பில்லும் போய்விடும். ஆனால் மாணவர் கடன் நிற்கும். திவால் சட்டத்தின் 523(ஏ)(8) பிரிவுப்படி, ‘மிதமிஞ்சிய கஷ்டம்’ இருப்பதாக நீதிபதி ஒப்புக்கொண்டால்தான் அது தள்ளுபடியாகும். அதற்கு அதே திவால் நீதிமன்றத்தில் ‘அட்வர்சரி ப்ரொசீடிங்’ என்ற தனி வழக்குப் போட வேண்டும். பெரும்பாலானோர் அதைப் போடுவதே இல்லை.

1976க்கு முன் மாணவர் கடனும் மற்றக் கடன்களைப் போலவே தீர்ந்தது. அந்த ஆண்டு ஐந்து வருடக் காத்திருப்பு வந்தது. 1990இல் அது ஏழானது. 1998இல் காத்திருந்து தப்பும் வழியும் அடைபட்டது. 2005இல் தனியார் கடனையும் உள்ளே இழுத்தார்கள். சூதாடிச் சேர்த்த கார்டு கடன் பெரும்பாலும் தீரும், நர்ஸிங் படித்த கடன் தீராது என்பது எங்களுக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் இன்றைக்குக் கையில் இருக்கும் சட்டம் இதுதான்.

முதலில் கடன் யாருடையது என்று பாருங்கள். அமெரிக்கக் கல்வித் துறையின் ஸ்டூடண்ட் எய்ட் இணையதளத்தில் நுழைந்து கடன் விவரக் கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். அதில் வருபவை ஃபெடரல், அதாவது மத்திய அரசுத் திட்டக் கடன்கள். வராதது தனியார் கடனாக இருக்கலாம். கிரெடிட் ரிப்போர்ட்டில் தேடுங்கள்.

தனியார் கடனென்றால் கஷ்டத்தை நிரூபிக்கும் முன் இன்னொரு கேள்வி இருக்கிறது: அது சட்டம் சொல்லும் ‘தகுதியுள்ள கல்விக்கடன்’தானா? அங்கீகாரமில்லாத பள்ளிக்கு வாங்கியது, வழக்கறிஞர் தேர்வுக்குப் படிக்க வாங்கியது, கல்லூரி அறிவித்த மொத்தச் செலவுக்கு மேல் வாங்கியது ஆகியவை சாதாரணக் கடன் மாதிரியே தீரலாம். 2019இல் ஐந்தாவது, 2020இல் பத்தாவது, 2021இல் இரண்டாவது சர்க்யூட் (வட்டார) மேல்முறையீட்டு நீதிமன்றங்கள், தனியார் கல்விக்கடன் எல்லாமே தீராது என்கிற மாதிரியான, கடன் கொடுத்தவர்களின் விரிந்த வாதத்தை நிராகரித்தன. ஒரு எச்சரிக்கை: அந்தக் கடனின் வட்டிக்கு நீங்கள் வரிக் கழிவு எடுத்திருந்தால், அந்த ரிட்டர்னையே உங்களுக்கு எதிராக நீட்டுவார்கள்.

ஃபெடரல் கடனுக்குப் பல நீதிமன்றங்கள் 1987இன் ப்ரன்னர் தீர்ப்பு வகுத்த மூன்று கேள்விகளைக் கேட்கும். கடனைக் கட்டினால் குறைந்தபட்ச வாழ்க்கையாவது நடத்த முடியுமா? இந்த நிலை இனியும் நீடிக்குமா? இதுவரை நல்லெண்ணத்தோடு முயன்றீர்களா? எட்டாவது சர்க்யூட்டில் மொத்தச் சூழ்நிலையையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் வேலையை 2022 நவம்பரில் அமெரிக்க நீதி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டி எளிதாக்கியது. நீங்கள் ‘அட்டஸ்டேஷன்’ என்ற உறுதிமொழிப் படிவத்தை நிரப்பி அரசு வழக்கறிஞருக்கு (யு.எஸ். அட்டர்னி அலுவலகத்துக்கு) அனுப்புகிறீர்கள். வருமானத்திலிருந்து வருமானவரித் துறையின் செலவு அளவுகோலைக் கழித்துப் பார்க்கிறார்கள். கையில் மிச்சமில்லை என்றால் முதல் கேள்வி முடிந்தது. வயது 65 அல்லது அதற்கு மேல், மாற்றுத்திறன் அல்லது தீராத நோய், கடந்த பத்து ஆண்டில் ஐந்தாண்டாவது வேலையின்மை, பட்டம் முடிக்காமை, கடன் திருப்பும் கட்டத்துக்கு வந்து பத்தாண்டு ஆனது: இவற்றில் ஒன்று இருந்தால் இரண்டாவதும் சுலபம். மூன்றாவதற்கு சர்வீஸருக்கு (கடனை வசூலிக்கும் நிறுவனத்துக்கு) எழுதிய கடிதம், தவணையைத் தள்ளிவைக்கக் கேட்ட மனு, கட்டிய சில தவணைகளின் ரசீது போதும். பொய்ச் சாட்சிக்குத் தண்டனை என்ற உறுதிமொழியோடு கையெழுத்திடுவதால், எண்கள் திவால் மனுவில் கொடுத்த எண்களோடு ஒத்துப்போக வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: மனுவில் சாப்பாட்டுச் செலவு ஒன்று, படிவத்தில் வேறொன்று.

கல்வித் துறையின் கையில் இல்லாத பழைய ஃபெல் கடன்களுக்கு (வங்கிகள் அரசு உத்தரவாதத்தோடு கொடுத்தவை) இந்தப் படிவம் செல்லாது. வழிகாட்டி இப்போதும் நடைமுறையில் இருக்கிறதா என்று உங்கள் மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

இனி வழக்கு. தேவையானவை: மனு, 1040 எண் முகப்புத் தாள் (வரிப் படிவம் அல்ல, நீதிமன்றப் படிவம்), சம்மன். வழக்குக் கட்டணம் 350 டாலர். கடனாளியே வாதியாக இருந்தால் அது கிடையாது. திவால் ஏற்கெனவே முடிந்திருந்தாலும் கவலையில்லை: 4007(பி) விதிப்படி இந்த வழக்குக்குக் காலக்கெடு இல்லை, இதற்காகக் கோப்பை மறுபடி திறக்கத் தனிக் கட்டணமும் இல்லை.

கல்வித் துறையின் கையில் உள்ள ஃபெடரல் கடனென்றால் பிரதிவாதி அமெரிக்கக் கல்வித் துறை. மாதாமாதம் பில் அனுப்பும் சர்வீஸரை மட்டும் எழுதினால் வழக்கு தவறான ஆள்மேல் நிற்கும். சம்மன் வெளியான ஏழு நாளுக்குள் மூன்று உறைகள் தபாலில் போக வேண்டும்: கல்வித் துறைக்கு, வாஷிங்டனில் அட்டர்னி ஜெனரலுக்கு, உங்கள் மாவட்ட அரசு வழக்கறிஞரின் சிவில் பிரிவுக்கு. ஏழு நாள் தவறினால் புதுச் சம்மன் வாங்க வேண்டியதுதான். சம்மன் வெளியான நாளிலிருந்து 35 நாளுக்குள் அரசு பதில் தர வேண்டும். அரசு வழக்கறிஞர் ஒத்துக்கொண்டாலும் கடைசி வார்த்தை நீதிபதியுடையது. கொஞ்சம் கட்ட முடியும் என்று தெரிந்தால் ஒரு பகுதி மட்டும் தள்ளுபடியாகலாம்.

ஊரிலிருந்து படிக்க வந்த அக்கா மகனுக்காகத் தனியார் கடனில் கையெழுத்துப் போட்ட கிரீன் கார்டுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவன் கடன் தீர்ந்தாலும் உங்கள் கையெழுத்து தீராது. நீங்களே திவாலுக்குப் போனாலும் பெரும்பாலான நீதிமன்றங்கள் உங்களையும் இதே கஷ்டத்தை நிரூபிக்கச் சொல்லும்.

தள்ளுபடியான தொகை வருமானமாகக் கணக்கில் வராது. கடன் தள்ளுபடியைத் தெரிவிக்கும் 1099-சி வரிப் படிவம் வீட்டுக்கு வந்தால் பயப்படாமல், வரி ரிட்டர்னோடு 982ஆம் படிவத்தை இணைத்து அனுப்புங்கள்.