ஆம்ப்ளிபையரைச் சர்ஜிலிருந்து காப்பாற்ற நினைத்து நாம் செய்யும் தவறுகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கோடை மழை தனியாக வராது, காற்றையும் இடியையும் கூட்டிக்கொண்டுதான் வரும். மாங்காய் உதிர்கிற ஏப்ரல், மே மாதங்களில் சாயங்காலம் வானம் கருத்தால் வீட்டுப் பெரியவர்கள் "டிவி ஒயரைப் பிடுங்கு" என்பார்கள். பிடுங்குவோம். பக்கத்தில் இருக்கும் ஆம்ப்ளிபையர் மட்டும் அப்படியே கிடக்கும்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாத மழையில், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே தெருக் கம்பியில் தென்னை மட்டை விழுந்தது. ஹால் பல்பு திடீரென்று கண் கூசுகிற மாதிரி எரிந்தது, ஃபேன் பேய் பிடித்தாற்போல் சுற்றியது, "டப்"பென்று ஒரு சத்தம், கருகல் வாடை. ஆம்ப் போய்விட்டது. அது ஸ்பைக் பஸ்டரில்தான் சொருகி இருந்தது. சர்ஜ் அல்லது ஸ்பைக் எனப்படும், கண நேரம் எகிறும் வோல்டேஜைத் தடுக்கும் சாக்கெட் பெட்டிதான் அது. ஸ்பைக் பஸ்டரும் கருகியிருந்தது. காப்பாற்றும் என்று நம்பி வாங்கிய பெட்டி ஏன் காப்பாற்றவில்லை என்ற கேள்வியோடு எலக்ட்ரீசியன்களிடம் கேட்டும், பழைய பெட்டிகளைக் கழற்றிப் பார்த்தும் தெரிந்துகொண்டவைதான் இவை.

சவுண்ட் கெட்டுவிடும் என்று நேராகச் சுவரில் சொருகுவது

நல்ல செட் வைத்திருப்பவர்களிடம் இந்தப் பயம் அதிகம். ஸ்பைக் பஸ்டர் போட்டால் பேஸ் குறையும், பாட்டின் உயிர் போய்விடும் என்பார்கள். உள்ளே இருக்கும் பொருளைப் பார்த்தால் இந்தப் பயம் தெளிந்துவிடும். காசு அளவில், நீலமாகவோ மஞ்சளாகவோ வட்டமாக இருக்கும் அதன் பெயர் எம்ஓவி. மின்சாரம் ஆம்புக்குப் போகிற வழியில் அது குறுக்கே நிற்பதில்லை, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் பக்கவாட்டில் நிற்கிறது.

நம் ஊர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். மதகு வழியாக வயலுக்குத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். ஏரி நிரம்பினால்தான், உபரித் தண்ணீர் வழியும் இடமான கோடி போகும். கோடி கட்டியிருப்பதால் மதகில் தண்ணீர் குறைவதில்லை. எம்ஓவி அந்தக் கோடி மாதிரி. 230 வோல்ட் சப்ளையின் உச்சி சுமார் 325 வோல்ட். நம் வீடுகளுக்கு ஏற்ற 275 வோல்ட் எம்ஓவி, 430 வோல்ட் வாக்கில்தான் மெல்லத் திறக்கவே ஆரம்பிக்கும். அதுவரை அதன் வழியாகப் போகும் மின்சாரம் கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு. அதனால் பாட்டின் சுவையை மாற்ற அதற்கு வழியே இல்லை.

அப்படியானால் சிலருக்கு வித்தியாசம் கேட்பது ஏன்? பெரும்பாலும் பெட்டியின் தரம்தான் காரணம். சாக்கெட் பிடிப்பு தளர்ந்துபோன மலிவுப் பெட்டியில் பின் ஆடும், பொறி விடும், ஸ்பீக்கரில் கரகரப்பு வரும். தடிமனான காயில் (கம்பிச் சுருள்) போட்ட ஃபில்டர் உள்ள பெட்டிகள் வேறு வகை. அந்தக் காயில் மின்சாரம் போகும் வழியிலேயே உட்கார்ந்திருக்கும். பெரிய பவர் ஆம்ப் வைத்திருப்பவர்கள் அதன் ஆம்பியர் அளவு போதுமா என்று பார்த்து வாங்க வேண்டும். சாதாரண வீட்டு செட்டுக்கு இந்தக் கவலை வேண்டாம்.

ஸ்பைக் வேறு, ஹை வோல்டேஜ் வேறு

எங்கள் வீட்டில் நடந்தது ஸ்பைக்கே இல்லை, மட்டை விழுந்து தெருவின் நியூட்ரல் கம்பி அறுந்ததுதான். தெருவில் நியூட்ரல் அறுந்தால், மூன்று ஃபேஸிலும் இருக்கும் வீடுகள் ஒன்றோடொன்று தொடராக மாட்டிக்கொள்ளும். லோடு குறைவாக இருக்கும் வீட்டில் வோல்டேஜ் 400 வரை ஏறலாம். லோடு அதிகமாக இருக்கும் வீட்டில் பல்பு மங்கும். ஒரு வீட்டில் பல்பு பளீரென்று எரிந்து, எதிர் வீட்டில் மங்கினால் நியூட்ரல் போய்விட்டது என்று அர்த்தம். யோசிக்காமல் மெயினை அணைக்க வேண்டும்.

ஸ்பைக் என்பது பெரும்பாலும் ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட நீடிக்காது. எம்ஓவி அதை விழுங்கிவிடும். 400 வோல்ட் சப்ளையின் உச்சி 560 வோல்ட்டைத் தாண்டும். அது நிமிடக்கணக்கில் நின்றால் எம்ஓவி திரும்பத் திரும்பத் திறந்து, சூடாகி, எரிந்துவிடும். சவுண்ட்பார், கிளாஸ் டி ஆம்ப் போன்றவற்றின் பவர் சப்ளையில் மெயின் கெப்பாசிட்டர் பெரும்பாலும் 400 அல்லது 450 வோல்ட் தாங்கும். 400 வோல்ட் ஏசி உள்ளே வந்தால் அதன் மேல் 560 வோல்ட்டுக்கு மேல் ஏறும். நான் கேட்ட அந்த "டப்" அது வெடித்த சத்தம்தான்.

இதற்கு மருந்து, மெயின் போர்டில் மாட்டும் ஓவர் வோல்டேஜ் கட் ஆஃப். வைத்த அளவைத் தாண்டினால் சப்ளையைத் துண்டித்து, சரியானதும் சற்றுப் பொறுத்து மறுபடி தரும். எம்சிபி இருக்கிறதே என்று பலர் சொல்வார்கள். அது ஆம்பியர் ஏறினால்தான் விழும், வோல்டேஜ் ஏறினால் அதற்குத் தெரியாது. ஆர்சிசிபி, மின்சாரம் கசிந்தால் சப்ளையைத் துண்டித்து ஆளைக் காப்பாற்றுகிற பொருள். அது வீட்டில் கட்டாயம் வேண்டும், ஆனால் ஆம்புக்கு ஸ்பைக் வராமல் தடுக்காது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பைக் பஸ்டரில் எரியும் சிவப்பு விளக்கு கரண்ட் வருகிறது என்று மட்டுமே சொல்கிறது. அடி வாங்க வாங்க எம்ஓவி தேயும். உள்ளே அது செத்துப்போன பிறகும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பாதுகாப்பு இருக்கிறதா என்று காட்டத் தனி விளக்கு உள்ள பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு ஸ்பைக் பஸ்டரில் இன்னொன்றைச் சொருகி நீட்டிக்கொண்டே போவதையும் விட்டுவிடுங்கள்.

எர்த் இல்லாமல் எல்லாம் வாங்குவது

எனக்கு இதில்தான் மனசு அதிகம் அடித்துக்கொள்கிறது. ஆயிரக்கணக்கில் செலவு செய்து பெட்டி வாங்குகிறோம், எர்த் குழியைப் பார்ப்பதே இல்லை. ஒரு நல்ல ஸ்பைக் பஸ்டரில் எம்ஓவி மூன்று இருக்கும். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் ஒன்று, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் ஒன்று, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்று. எர்த் இல்லாவிட்டால் மூன்றில் இரண்டு சும்மா நிற்கும். ஏரிக்குக் கோடி கட்டிவிட்டு, கோடித் தண்ணீர் போக வாய்க்கால் வெட்டாத கதைதான்.

நம் மாவட்டங்களின் மண்ணும் இதற்கு ஒத்துழைக்காது. கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் நாலடி தோண்டினால் பாறை தட்டுகிற இடங்கள் எத்தனை! கிரானைட் வெட்டுகிற பூமி அது. பாறையிலும் காய்ந்த சரளை மண்ணிலும் எர்த் ராடு அடித்தால் மின்சாரம் மண்ணில் இறங்காது. அதிலும் இடி இடிக்கும் கோடையில்தான் மண் சுத்தமாகக் காய்ந்து கிடக்கும். எங்களுக்கு எர்த் போட்டுத் தந்த வயதான எலக்ட்ரீசியன் ஒருவர், "தம்பி, ராடு ஆழமாப் போகலைன்னா வளைச்சு விட்டுட்டுப் போயிடுவாங்க. நீ பக்கத்துல நின்னு பாரு" என்றார். அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்து, துணி துவைக்கும் தண்ணீர் ஓடுகிற, மண் ஆழமாக இருக்கிற மூலையைத் தேர்ந்தெடுத்தார். கரியும் உப்பும் போட்டு நிரப்பினார். ஒரு ராடு போதாது என்று, ராடின் நீளத்துக்குக் குறையாத இடைவெளி விட்டு இன்னொன்றை இறக்கி இரண்டையும் இணைத்தார். கடைசியில் எர்த் டெஸ்டர் வைத்து அளந்தார். அளக்காமல் போகிறவர்களை விடாதீர்கள்.

எர்த் இல்லாத வீடுகளில் சிலர் சாக்கெட்டில் எர்த் முனையையும் நியூட்ரலையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுகிறார்கள். டெஸ்ட் பல்பு எரியும், எர்த் இருப்பது போலத் தெரியும். அந்த வீட்டுக்கு வரும் நியூட்ரல் அறுந்தால் ஆம்பின் இரும்புப் பெட்டி முழுக்க ஃபேஸ் வந்துவிடும். தொடுகிற பிள்ளைக்கு உயிருக்கே ஆபத்து. இப்படி உங்கள் வீட்டில் இருந்தால் இன்றே எடுத்துவிடச் சொல்லுங்கள்.

ஆடியோவுக்கு மட்டும் தனி எர்த் போட்டால் சவுண்ட் சுத்தமாக இருக்கும் என்று இன்னொரு நம்பிக்கை. வீட்டு எர்த்தோடு இணைக்காமல் தனியாக விட்டால், பக்கத்தில் மின்னல் இறங்கும்போது இரண்டு எர்த்துக்கும் நடுவில் ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரும். அது உங்கள் ஆம்ப் வழியாகத்தான் சமன் ஆகும். எத்தனை ராடு வேண்டுமானாலும் இறக்குங்கள், எல்லாம் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும்.

ஹம் வருகிறது என்று எர்த் பின்னை வெட்டுவது

எர்த் சரியாகப் போட்ட பிறகு சில வீடுகளில் ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வர ஆரம்பிக்கும். ஸ்பைக் பஸ்டர் மேல் பழி விழுவது இங்கேதான். உண்மையில் கம்ப்யூட்டர் ஒரு அறையில், ஆம்ப் வேறு சாக்கெட்டில், மாடியில் டிடிஎச் தட்டு என்று எர்த் இரண்டு மூன்று வழிகளில் வந்து ஆடியோ ஒயர் வழியாக வளையம் கட்டிக்கொள்கிறது. எர்த் பின்னை வெட்டினால் ஹம் நிற்கும், கூடவே பாதுகாப்பும் போய்விடும். செய்ய வேண்டியது, எல்லாப் பொருள்களையும் ஒரே இடத்திலிருந்து, ஒரே ஸ்பைக் பஸ்டரிலிருந்து எடுப்பது. அதிலும் நிற்காவிட்டால் ஆடியோ ஒயரில் அந்த வளையத்தை வெட்டும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போடலாம். டிவியிலிருந்து ஆம்புக்கு ஆப்டிகல் கேபிள் போட முடிந்தால் அதுவே மேல். அதில் வெளிச்சம்தான் போகிறது, மின்சாரம் போகாது. ஹம்முக்கும் வழியில்லை, டிவி பக்கமிருந்து ஸ்பைக் தாண்டி வரவும் வழியில்லை.

கரண்ட் ஒயரை மட்டும் பார்ப்பது

மின்னல் எந்த ஒயரிலும் வரும். மாடித் தட்டிலிருந்து செட்டாப் பாக்ஸ், அங்கிருந்து எச்டிஎம்ஐ, அங்கிருந்து ஆம்ப். பவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு டிடிஎச் ஒயரை விட்டுவைத்தவர்களுக்கு எச்டிஎம்ஐ போர்டு போவது இப்படித்தான். சுவிட்சை அணைப்பதும் போதாது. நம் வீட்டுச் சுவிட்ச் ஃபேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் அப்படியே நிற்கும். அதனால் பிளக்கைப் பிடுங்குங்கள், தட்டு ஒயரையும் கழற்றுங்கள். இடி தலைக்கு மேல் வந்த பிறகு ஒயரைத் தொடாதீர்கள், வானம் கருக்கும்போதே செய்துவிடுங்கள்.

மெயின் போர்டில், வீடு முழுவதற்கும் சர்ஜைத் தடுக்கும் டைப் 2 எஸ்பிடி போடுகிறவர்கள் அதற்குப் போகும் ஒயர்களின் நீளத்தைக் கவனியுங்கள். பெரிய சர்ஜ் வரும்போது ஒரு மீட்டர் ஒயரே சுமார் ஆயிரம் வோல்ட்டைக் கூட்டிவிடும். அரை மீட்டருக்குள் முடிப்பது நல்லது. அதன் சின்ன ஜன்னலில் பச்சை சிவப்பானால் மாற்ற வேண்டும்.

ஸ்டெபிலைசர் பற்றியும் கேட்பார்கள். உங்கள் ஆம்பின் பின்பக்கம் 100–240 வோல்ட் என்று போட்டிருந்தால் லோ வோல்டேஜுக்கு ஸ்டெபிலைசர் தேவையே இல்லை. டிரான்ஸ்பார்மர் வைத்த பழைய வகை என்றால், 230-ல் 100 வாட் தருவது 190-ல் சுமார் 68 வாட்டுக்கு இறங்கும். காதுக்கு அது 2 டெசிபல்கூட இல்லை, மிதமாகக் கேட்கிறவருக்குத் தெரியவே தெரியாது. சதுர அலை இன்வெர்ட்டரில் அந்த ஆம்பை ஓட்டினால் டிரான்ஸ்பார்மர் உறுமும், அதற்கு சைன் வேவ் இன்வெர்ட்டர்தான் சரி. கரண்ட் போய் வந்ததும் உடனே ஆம்பைப் போடாமல் சில நிமிடம் பொறுங்கள். ஃபியூஸ் போனால் அதே அளவு ஃபியூஸ் போடுங்கள், ஒயர் இழையைச் சுற்றாதீர்கள்.

இப்போது எங்கள் வீட்டில் மாசி கடைசியிலேயே எர்த் குழியில் வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்துவிடுகிறோம்.