ஆட்டோகேடில் வரைபடத்தின் ஒரு பகுதியை அழிக்காமல் மறைப்பது எப்படி

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் காவேரிப்பட்டணம், பர்கூர் பகுதிகளில் மாந்தோப்புக்குள் அமைந்த ஒரு மனைக்கு ஆட்டோகேட் என்ற கணினி வரைபட மென்பொருளில் வரைபடம் போடும்போது, எல்லைக்கோடு, மரங்கள், கிணறு, பாதை, அளவுகள், புல (சர்வே) எண்கள் எல்லாம் ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நின்று, படிக்க வேண்டிய எழுத்தைப் படிக்க விடாமல் செய்துவிடும். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் உதிரிபாக வரைபடம் போடுகிறவருக்கும் இதே சிக்கல் வேறு வடிவில் வருகிறது. அங்கே வெட்டுத்தோற்றத்தை நிரப்பும் ஹேட்ச் (சாய்வுக்) கோடுகளுக்கு நடுவே அளவு எண் சிக்கிக்கொள்ளும். இத்தகைய இடங்களில் குறுக்கே போகும் கோட்டை டிரிம் செய்து (வெட்டி நீக்கி) எழுத்துக்கு வழிவிடுவது பலருடைய வழக்கமாக இருக்கிறது. அது கூடாது என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். எல்லைக்கோட்டை ஒரு முறை வெட்டிவிட்டால் அது மூடிய பாலிலைனாக (பல துண்டுகள் சேர்ந்த ஒரே தொடர்கோடாக) இருக்காது, அதன் சரியான நீளத்தை மென்பொருளிடம் கேட்டுப் பெற முடியாது; நாளை எழுத்தை வேறிடத்துக்கு நகர்த்தினாலோ, கோட்டில் ஓர் இடைவெளி காரணமின்றி நின்றுவிடும். கோடு முழுமையாக இருக்கட்டும், அதன் மேல் ஒரு மறைப்பு மட்டும் வரட்டும் என்பதே சரியான முறை.

எழுத்துக்காக மட்டும் மறைக்க வேண்டுமென்றால் தனியாக எதையும் வரைய வேண்டியதில்லை. எம்டெக்ஸ்ட் (பல வரி) எழுத்தை இரட்டைக் கிளிக் செய்து திறந்து, வலது கிளிக் பட்டியலில் பேக்ரவுண்ட் மாஸ்க் என்பதைத் தேர்ந்து, அதை இயக்குங்கள். அதிலுள்ள பார்டர் ஆஃப்செட் மதிப்பு வழக்கமாக 1.5 ஆக இருக்கும், 1.0 என்று வைத்தால் மறைப்பு எழுத்தை ஒட்டியே நிற்கும், நெருக்கமான வரைபடங்களுக்கு 1.1 அல்லது 1.2 போதுமானது. வண்ணத்தைத் தேர்வதில் கவனம் தேவை. திரை கறுப்பாக இருக்கிறதே என்று கறுப்பு வண்ணத்தைக் கொடுத்தால் அச்சில் எழுத்துக்குப் பின்னால் கறுப்புப் பட்டை விழும். ஆகவே வரைபடத்தின் பின்னணி வண்ணத்தைப் பயன்படுத்தும்படியான பெட்டியையே குறியிட வேண்டும். மறைப்பின் அகலம் எழுத்தின் நீளத்தை அல்ல, எம்டெக்ஸ்ட் பெட்டியின் அகலத்தைப் பின்பற்றுகிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். "கிணறு" என்ற ஒரு சொல்லுக்கு நீளமான பெட்டி இருந்தால் பக்கத்திலுள்ள கோடுகளும் காணாமல் போகும்; பெட்டியின் ஓரத்தைப் பிடித்து உள்ளே இழுத்துக் குறுக்கினால் சரியாகிவிடும். ஒற்றை வரி டெக்ஸ்டுக்கு இந்த வசதி கிடையாது. அதை எம்டெக்ஸ்டாக மாற்றிக்கொள்ளலாம். அளவு எண்களுக்கு, டைமென்ஷன் ஸ்டைலில் (அளவுகளின் தோற்ற அமைப்பில்) டெக்ஸ்ட் என்ற பக்கத்தில் ஃபில் கலர் என்பதைப் பேக்ரவுண்ட் என்று வைத்தால், அந்த ஸ்டைலில் உள்ள எல்லா அளவுகளுக்கும் ஒரே நேரத்தில் மறைப்பு வந்துவிடும்.

எழுத்தல்லாத இடத்தை மறைப்பதற்குத்தான் வைப்அவுட் கட்டளை இருக்கிறது. கட்டளையைக் கொடுத்து, மறைக்க வேண்டிய பகுதியின் மூலைகளை ஒவ்வொன்றாகக் கிளிக் செய்து என்டர் அழுத்தினால் போதும். முன்பே வரைந்த மூடிய பாலிலைன் இருந்தால் பாலிலைன் என்ற தேர்வைக் கொடுத்து அதைச் சுட்டலாம். ஆனால் அந்தப் பாலிலைனில் நேர்கோடுகள் மட்டுமே இருக்க வேண்டும், வளைவு ஒன்று இருந்தாலும் மென்பொருள் ஏற்காது. வட்டமான மறைப்பு வேண்டுமானால் பாலிகான் கட்டளையில் பக்கங்களைக் கூட்டி, பார்வைக்கு வட்டமாகத் தெரியும் பலகோணம் ஒன்றை வரைந்து அதைச் சுட்டுங்கள்.

மாமரக் குறியீட்டை இந்த வகையில் ஒரு முறை நன்றாகச் செய்து வைத்துக்கொண்டால் எல்லா மனை வரைபடங்களுக்கும் உதவும். இலைவட்டத்தின் அளவுக்கு ஒரு பலகோண வைப்அவுட்டை இட்டு, மேல்கீழ் வரிசையை மாற்றும் டிராஆர்டர் கட்டளையால் அதை அடியில் தள்ளி, இலைக்கோடுகளை மேலே நிறுத்தி, எல்லாவற்றையும் ஒரு பிளாக்காக (ஒரே பொருளாகத் தொகுத்த குறியீடாக) ஆக்குங்கள். பிளாக்குக்குள் எது மேல், எது கீழ் என்ற வரிசையை வெளியிலிருந்து மாற்ற முடியாது. பின்னர் திருத்த வேண்டுமானால் பிளாக் எடிட்டரைத் திறந்துதான் செய்ய வேண்டும். இப்படிச் செய்த மரத்தைப் பாதையின் மேலோ பக்கத்து மரத்தின் மேலோ வைத்தால் அடியிலுள்ள கோடுகள் தாமாக மறையும். எனினும் மரம் எல்லைக்கோட்டையும் சர்வே கல்லையும் மறைக்க விடக்கூடாது. அழகுக்காக இடும் மரத்தைவிட நிலத்தின் எல்லை முக்கியமானது. ஆகையால் எல்லா மரங்களையும் இட்ட பிறகு எல்லைக்கோடு, கற்கள், அவற்றின் அளவுகள் ஆகியவற்றைத் தேர்ந்து டிராஆர்டரில் முன்னே கொண்டுவந்துவிடுங்கள். எழுத்துகளையும் அளவுகளையும் மொத்தமாக முன்னே கொண்டுவர டெக்ஸ்ட்டூஃப்ரன்ட் என்ற கட்டளை தனியாக இருக்கிறது.

வைப்அவுட்டின் விளிம்புக் கோட்டை வைப்அவுட்ஃபிரேம் என்ற மாறி (மதிப்பு கொடுத்து மாற்றும் அமைப்பு) கட்டுப்படுத்துகிறது. 0 என்றால் விளிம்பு திரையிலும் தெரியாது, அச்சிலும் வராது. 1 என்றால் இரண்டிலும் வரும். 2 என்றால் திரையில் மட்டும் தெரியும். வேலை செய்யும்போது 2 என்று வைப்பதே நல்லது, ஏனெனில் 0 என்று வைத்தால் வைப்அவுட் எங்கே இருக்கிறது என்று பார்வைக்குத் தெரியாது, "கோடு ஏன் தெரியவில்லை" என்று அடுத்து அந்தக் கோப்பைத் திறப்பவர் குழம்பிப்போவார். வைப்அவுட்டுகளுக்கென்று தனி லேயர் (அடுக்கு) ஒன்றை ஒதுக்குங்கள். அதை ஃப்ரீஸ் செய்து மறைத்தால் அடியில் இருப்பவை அனைத்தும் ஒரே நொடியில் வெளிப்படும், சரிபார்ப்பது எளிதாகும்.

புலப்படத்தை (நிலத்தின் சர்வே வரைபடத்தை) ஸ்கேன் செய்து அடியில் இணைத்து வேலை செய்யும்போது நமக்கு வேண்டியது ஒரு புலம் மட்டுமே. அதற்கு வைப்அவுட் பொருந்தாது. இமேஜ்கிளிப் கட்டளையால் வேண்டிய பகுதியைச் சுற்றி எல்லை வரைந்தால் மற்றது மறைந்துவிடும். வெளியிலிருந்து இணைத்த எக்ஸ்ரெஃப் வரைபடத்துக்கும் பிளாக்குக்கும் எக்ஸ்கிளிப் அதே வேலையைச் செய்யும்.

திரையில் சரியாகத் தெரிந்த மறைப்பு அச்சில் வராமல் அடிக்கோடுகள் ஊடுருவித் தெரிந்தால், பிளாட் (அச்சிடும்) உரையாடல் பெட்டியில் பிரின்டரின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து, கோடுகள் ஒன்றோடொன்று கலக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். லைன்ஸ் மெர்ஜ் என்று இருந்தால் லைன்ஸ் ஓவர்ரைட் என்று மாற்ற வேண்டும். பெரிய தாளில் எடுப்பதற்கு முன் ஒரு ஏ4 தாளில் சோதனை அச்சு எடுத்துப் பார்ப்பது செலவையும் நேரத்தையும் காக்கும்.

இந்த முறைகள் எல்லாம் பார்வைக்காக மட்டுமே, இரகசியத்துக்காக அல்ல. வைப்அவுட்டுக்கு அடியில் இருக்கும் கோடும், கிளிப் செய்து ஒதுக்கிய பக்கத்துப் புலமும் கோப்புக்குள் முழுமையாக இருக்கின்றன. கோப்பைப் பெற்றவர் லேயரை அணைத்தோ கிளிப்பை நீக்கியோ அவற்றைப் பார்த்துவிடலாம். ஒரு தொழிற்சாலையின் உதிரிபாக அளவையோ, அண்டை நிலத்தவரின் விவரத்தையோ வெளியே காட்டக்கூடாது என்றால், கோப்பை வேறு பெயரில் சேமித்து, அந்தப் பகுதிகளை அதிலிருந்து உண்மையாகவே அழித்து, பர்ஜ் செய்து (பயன்படாமல் எஞ்சியவற்றை நீக்கி), ஸ்கேன் படத்தையும் முன்பே படத் திருத்தியில் வெட்டிவிட்டு, அந்தப் பிரதியையே அனுப்புங்கள்.