முதுகில் கோடுள்ள அணில்களை இனம் பிரிப்பது எப்படி?

மூன்று கோடு கண்ணில் பட்டதும் மூவரி அணில் என்று குறித்துக்கொண்டால் பாதி நேரம் தப்பாகிவிடும். ஐவரி அணிலுக்கும் பளிச்சென்று தெரிவது நடுமுதுகின் மூன்று கோடுகள்தான். மீதி இரண்டும் விலாப்பக்கம் மங்கலாக ஓடும். மாடியிலிருந்து குனிந்து எடுத்த படத்தில் விழாது.

அதனால் அணில் மரத்தில் பக்கவாட்டாக ஒட்டியிருக்கும்போது, அதன் உயரத்திலிருந்தே பாருங்கள். மூன்றாவது வெள்ளைக் கோட்டுக்குக் கீழே ஒரு பழுப்புப் பட்டை, அதற்கும் கீழே இன்னொரு வெளிறிய கோடு, மறுபடி பழுப்பு என்று வந்தால் ஐவரி. பழுப்பு அப்படியே வயிற்று வெண்மையில் போய்க் கலந்தால் மூவரி. வயிற்றின் விளிம்பைக் கோடாக எண்ணிவிடாதீர்கள்; கோடு என்றால் இரண்டு பக்கமும் கருமை இருக்க வேண்டும். மழையில் நனைந்த அணிலில் மயிர் பிரிந்து பொய்க்கோடு தெரியும். காயட்டும்.

இடமும் உதவும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வீட்டைச் சுற்றித் திரிவது பெரும்பாலும் மூவரி. ராமர் விரல் தடவிய கதை இதற்குத்தான் பொருந்துகிறது. வட இந்தியாவில் ஐவரி. இடைப்பட்ட பகுதிகளில் இடத்தை நம்பாமல் விலாவைப் பாருங்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலையில்தான் சிக்கல் கூடும். அங்கே காட்டு வரி அணிலுக்கும் மூன்று கோடுதான். ஆனால் கோடுகள் ஒடுங்கி, இடைப்பட்ட கருமை அகன்றிருக்கும், தலை செம்பழுப்பு. வாலைத் தூக்கிக் கத்தும்போது அடிப்புறத்தைக் கவனியுங்கள், நல்ல துருச்சிவப்பாக இருக்கும். எஸ்டேட் ஓரங்களில் இதுவும் மூவரியும் சேர்ந்தே திரியும் என்பதால் 'காட்டில் பார்த்தேன்' என்பது சான்றாகாது.

சோலைக்காட்டுப் புதர்களுக்குள் சிறிதாக, மங்கலாக ஒன்று ஓடினால் அது நீலகிரி வரி அணிலாக இருக்கலாம். எடை சுமார் 40 கிராம். வீட்டு அணிலில் பாதிகூட இல்லை. கோடுகள் குட்டையானவை, வெள்ளையே கிடையாது. மூவரிக் குட்டியோ என்று தோன்றினால் கோட்டைப் பாருங்கள்: குட்டிக்கும் கோடு தெளிவாகவே இருக்கும். இதன் இலங்கை உறவை 2012-இல் தனி இனமாகப் பிரித்துவிட்டார்கள்.

இலங்கையின் ஈரக்காடுகளில் வாழும் லேயார்டு அணில் சுலபம். கரிய முதுகின் நடுவே நீண்ட ஆரஞ்சுக் கோடு, இரு பக்கமும் குட்டையான மங்கல் கோடுகள், வயிறு செம்மை.

விலாவும் வாலடியும் தெரியாத படமென்றால் 'வரி அணில்' என்று மட்டும் பதியுங்கள்.