புதிய அந்துப்பூச்சி இனத்தை உடற்கூற்று ஒப்பீட்டால் உறுதிசெய்து விவரிக்கும் முறை

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்துக் கடலோரக் காடுகளில், மழைக்காலத் தொடக்கத்து இரவொன்றில் வெள்ளைத் துணியைக் கட்டிப் பாதரச விளக்கை ஏற்றினால், கையிலுள்ள எந்தப் படத்தோடும் பொருந்தாத சிறு அந்துப்பூச்சிகள் வந்து அமர்வதைக் காணலாம். (காப்புக்காட்டில் பிடிப்பதற்கு மாகாண வனவிலங்கு அமைப்பான எஸெம்வெலோ நிர்வாகத்தின் அனுமதியை முன்னதாகவே பெற்றிருக்க வேண்டும்.) அவற்றைப் புதிய இனம் என்று அறிவித்துவிட ஆசை எழுவது இயல்பே. ஆனால் அப்படித் தோன்றுபவற்றுள் பல, நூறாண்டுகளுக்கு முன்பே பெயர் பெற்று, இறக்கையின் நிறத்தை மட்டும் சொல்லும் சில வரிகளுக்குள் அடையாளம் தெரியாமல் கிடப்பவை. தென்னாப்பிரிக்காவின் நுண் அந்துப்பூச்சிகளுக்கு ஏராளமான பெயர்களைச் சூட்டிய எட்வர்ட் மேய்ரிக், இனப்பெருக்க உறுப்புகளை அறுத்துப் பார்த்து இனம் பிரித்தவர் அல்லர்.

நிறம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு, இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளராக வந்த நம் முன்னோர் 1860 முதல் உழைத்த நட்டால் கரும்புத் தோட்டங்களே சான்று. கரும்பிலும் மக்காச்சோளத்திலும் தண்டைத் துளைக்கும் செசாமியா பேரினத்து அந்துப்பூச்சிகள் வைக்கோல் நிறத்தில் ஒன்றையொன்று அப்படியே ஒத்திருக்கும். ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பார்த்த பிறகே இது இன்ன இனம் என்று துணிந்து சொல்ல முடியும்.

அறுப்பதற்கு முன் பூச்சியைப் படமெடுத்து, ஆணா பெண்ணா என்று அறிய வேண்டும். பின் இறக்கையின் அடியிலிருந்து முன் இறக்கையோடு கோத்துக்கொள்ளும் முள், ஆணில் ஒற்றையாகவும் பெண்ணில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்டதாகவும் இருக்கும். உலர்ந்த மாதிரியின் வயிற்றை இடுக்கியால் மேல்நோக்கி மெல்லத் தள்ளினால் அது அடியோடு கழன்று வரும். அதை 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஓரிரவு ஊறவைத்தால், தசையும் கொழுப்பும் கரைந்து கைட்டின் என்னும் கடினப் பொருளாலான கூடு மட்டும் எஞ்சும். கரைசல் தோலை அரிக்கும் என்பதால் கையுறை அவசியம். பின்பு தண்ணீருக்கு மாற்றி, மென்தூரிகையால் செதில்களை நீக்கினால், வயிறு வெங்காயச் சருகு போல் ஒளி ஊடுருவும் நிலைக்கு வந்துவிடும். ஊசியில் குத்திய பூச்சிக்கும் அதன் உறுப்பை வைத்த கண்ணாடி வில்லைக்கும் அப்போதே ஒரே எண்ணை எழுதிவிட வேண்டும்.

ஆணில் உச்சிக் கொக்கியான அங்கஸ், பெண்ணைப் பற்றிக்கொள்ளும் இரு மடல்களான வால்வா, நடுவே குழாய் வடிவிலுள்ள ஈடியாகஸ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஈடியாகஸைத் தனியே பிரித்து, அதனுள் மடிந்திருக்கும் வெசிக்கா என்னும் சவ்வை வெளியே புரட்டினால், அதன்மேல் கார்னூட்டஸ் எனப்படும் முட்கள் தெரியும். இங்கே கவனம் தேவை: சில குடும்பங்களில் இம்முட்கள் புணர்ச்சியின்போது உதிர்ந்து பெண்ணின் பைக்குள் தங்கிவிடுகின்றன, ஆகவே ஓர் ஆணில் முட்கள் குறைவாக இருப்பதை மட்டும் கொண்டு இனம் பிரிப்பது ஆபத்தானது. பெண்ணில் புணர்வாய், அதிலிருந்து செல்லும் நாளம், அதன் முடிவிலுள்ள பை, பையின் சுவரில் தடித்திருக்கும் சிக்னம் ஆகியவை முக்கியமானவை. மூடுகண்ணாடியின் அழுத்தத்தால் வால்வாவின் வடிவமே மாறிவிடக்கூடும் என்பதால், யூபரால் என்னும் பிசினில் நிலையாகப் பதிப்பதற்கு முன், கிளிசரினில் வைத்து, ஒப்பிடும் இனங்கள் அனைத்தையும் ஒரே கோணத்தில் பார்த்து வரைவதே நல்லது.

ஒரே ஒரு பூச்சியை வைத்து முடிவு செய்யலாகாது. இயன்றவரை பல ஆண்களையும் பெண்களையும், வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்து, வேறுபாடு மாறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே இரவில் ஒரே துணியில் அமர்ந்ததால் மட்டும் ஓர் ஆணும் பெண்ணும் ஓரினமாகிவிடா. புழுவிலிருந்து வளர்த்தெடுத்த இணையே நம்பத்தக்கது. இனங்களைப் பிரித்தறியப் பயன்படும் சிஓ1 என்னும் மரபணுத் துண்டு இதற்குத் துணைநிற்கும்; ஆனால் அது மட்டும் போதும் என்பாரை நான் ஏற்பதில்லை.

அடுத்ததே மிகக் கடினமான பகுதி. உங்கள் பூச்சியின் பேரினத்தில், விலங்குப் பெயரிடலின் தொடக்கமாகக் கொள்ளப்படும் 1758 முதல் வெளியான எல்லாப் பெயர்களையும், வேறோர் இனத்தின் மறுபெயராக ஒதுக்கப்பட்டவற்றையும் சேர்த்து, அவற்றுக்கு ஆதாரமாக வைக்கப்பட்ட மூல மாதிரிகளோடு ஒப்பிட்டாக வேண்டும். ஒதுக்கப்பட்ட பெயரே உங்கள் பூச்சிக்கு உரியதாக இருந்துவிடலாம். தென்னாப்பிரிக்க அந்துப்பூச்சிகளை ஆராய்ந்த யான்ஸேயின் சேகரிப்பு பிரிட்டோரியாவின் டிட்சாங் அருங்காட்சியகத்தில் உள்ளது. மேய்ரிக்கின் மாதிரிகளில் பல லண்டனிலும், ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் வால்பெர்க் இங்கே சேகரித்து அந்நாட்டவரான வாலன்கிரென் பெயரிட்டவை ஸ்டாக்ஹோமிலும் உள்ளன. நேரில் செல்ல இயலாதவர் அங்குள்ள காப்பாளர்களிடம் வில்லைகளின் படங்களைக் கேட்டுப் பெறலாம்.

விவரணையில், நெருங்கிய இனத்திலிருந்து எந்தெந்த உறுப்பால் வேறுபடுகிறது என்பதை முதலில் எழுதி, பிறகே இறக்கையின் அளவையும் நிறத்தையும் சொல்வது படிப்பவருக்கு உதவும். பன்னாட்டு விலங்கியல் பெயரிடல் விதிகளின்படி, 1999க்குப் பிறகு வெளியாகும் பெயர் புதியது என்று வெளிப்படையாகக் குறிக்கப்பட வேண்டும். ஹோலோடைப் எனப்படும் ஒரே மாதிரியைச் சுட்டி, அது எந்தச் சேகரிப்பில் வைக்கப்படுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். இனப்பெயர் இலத்தீன் பெயரடையாக இருந்தால் பேரினப் பெயரின் இலக்கணப் பாலோடு இசைய வேண்டும். மின்னிதழில் மட்டும் வெளியிடுவோர் முன்னதாகவே சூபேங்க் என்னும் விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் பதிவுசெய்து, அப்பதிவுக்கான சான்றைக் கட்டுரைக்குள்ளேயே தர வேண்டும். இல்லையேல் பெயர் செல்லாது.