மொட்டு வேண்டுமென்றால் மொட்டையடியுங்கள்: வீட்டு மல்லிகைக்குக் கவாத்து

பங்குனி பிறந்ததும் எங்கள் கொல்லையில் இருக்கிற இரண்டு குண்டுமல்லிச் செடிகளும் அரிசி அரிசியாக மொட்டுக் கட்ட ஆரம்பித்துவிட்டன. நேற்றுச் சாயங்காலம் பறித்து எண்ணிப் பார்த்தேன், 64. இது ஆரம்பம்தான். சித்திரையில் எண்ணவெல்லாம் முடியாது, முறத்தில்தான் கொட்டவேண்டும்.

முதல் மூன்று வருஷம் இதே செடிகள் ஒரு பூ, இரண்டு பூ என்று கண்ணில் காட்டிவிட்டு நின்றுவிடும். இலை மட்டும் கருகருவென்று புதராக மண்டிக் கிடக்கும். அதைப் பார்த்து எனக்கு ஒரே பெருமை. ஒரு மார்கழியில் ஊரிலிருந்து வந்திருந்த சித்தப்பா (பல வருஷம் பூந்தோட்டம் வைத்திருந்தவர்) காபி குடித்துவிட்டுக் கொல்லைக்குப் போனார். நான் போய்ப் பார்ப்பதற்குள் ஒரு செடி முழங்கால் உயரத்துக்குக் குச்சியாக நின்றது. அழாத குறையாகச் சண்டை போட்டேன். “இலையைப் பார்க்கவா மல்லிகை வச்சிருக்கே?” என்று கேட்டுவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்தார். அந்தப் பங்குனியில்தான் முதல்முறையாகக் கடையில் பூ வாங்காமல் தலைக்கு வைத்தேன்.

விஷயம் இதுதான்: குண்டுமல்லி புதிதாக விடும் தளிர்க்கிளையின் நுனியில்தான் மொட்டு வைக்கும். பழைய கிளை முற்றி மரமாகிவிட்டால் அதில் இலைதான் மிஞ்சும். நிறையப் பூ வேண்டுமென்றால் நிறையப் புதுக்கிளை வேண்டும், அதற்குப் பழையதை வெட்டியாக வேண்டும். இந்த வெட்டுக்குப் பெயர்தான் கவாத்து.

எப்போது வெட்டுவது?

தோட்டமாகப் பயிரிடுகிறவர்கள் நவம்பர் கடைசி வாரத்தில் குண்டுமல்லியைக் கவாத்து செய்வார்கள். வீட்டில் நான் கொஞ்சம் தள்ளி, அடைமழை ஓய்ந்த பிறகு மார்கழியில் செய்கிறேன். வெட்டின வாயில் நாள் கணக்கில் மழைநீர் பட்டால் கிளை கருகி இறங்குகிறது. முல்லை வைத்திருப்பவர்கள் தை முதல் பாதியில், அதாவது ஜனவரி கடைசியில் வெட்டலாம்.

மார்கழியில் எப்படியும் செடியில் பூ இருக்காது, அதனால் வெட்டுவதில் நஷ்டமில்லை. அந்தச் சமயத்தில் சந்தையில் மல்லிகை கிலோ ஆயிரக்கணக்கில் போவதும், பங்குனி சித்திரையில் விலை சரிவதும் இதே கணக்கால்தான்.

“ஐயோ, நான் வெட்டவே இல்லையே” என்பவர்கள் இப்போது போய் மொட்டையடித்துவிடாதீர்கள். இந்த வெயிலில் செடி தாங்காது. காய்ந்த குச்சிகளை எடுத்துவிட்டு, ஒவ்வொரு கிளையின் நுனியிலும் நான்கு விரற்கடை மட்டும் கிள்ளிவிடுங்கள். வைகாசியில் ஓரளவு பூ பார்க்கலாம். முழுக் கவாத்து மார்கழிக்கு.

படி 1: தண்ணீரை நிறுத்துங்கள்

தரையில் இருக்கும் செடிக்கு வெட்டுவதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிடவேண்டும். தொட்டிச் செடிக்கு மூன்று நான்கு நாள் போதும். இலை லேசாக வாடும். பயப்படவேண்டாம், செடி கொஞ்சம் ஓய்வெடுக்கிறது.

படி 2: வெட்டு

கவாத்துக் கத்தரி நர்சரிகளில் கிடைக்கும். சமையலறைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள், அது கிளையை நசுக்கும். கத்தரியைச் சானிடைசர் தொட்டுத் துடைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காய்ந்தது, நோய் பட்டது, ஒன்றோடொன்று உரசுகிறது, இதையெல்லாம் அடியோடு எடுங்கள். இப்போதே செடி பாதியாகிவிடும். மனசு கேட்காது. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து தொடருங்கள்.

அப்புறம் மீதியுள்ள கிளைகளைத் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டுங்கள். தொட்டியில் இருந்தால் மண்ணிலிருந்து ஒரு அடி. எந்த இடத்தில் கத்தரி வைப்பது என்பதுதான் முக்கியம். ஒரு கிளையைக் கையில் பிடித்து உற்றுப் பாருங்கள். மல்லிகையில் இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக இருக்கும். அந்த ஜோடி கிளம்பும் கணுவில், இலைக்காம்புக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள இடுக்கில், கடுகளவு பச்சைப் புள்ளி ஒன்று தெரியும். அதுதான் நாளைய கிளை. இரண்டு பக்கமும் உண்டு, ஆக ஒரு வெட்டுக்கு இரண்டு கிளை. அந்தக் கணுவுக்கு அரை விரற்கடை மேலே, கொஞ்சம் சாய்வாக வெட்டுங்கள். கணுவை ஒட்டி வெட்டினால் புள்ளி காய்ந்துபோகும். ரொம்ப மேலே வெட்டினால் அந்த மொட்டைக் குச்சி பட்டுப்போய் அசிங்கமாக நிற்கும்.

பிறகு, மிஞ்சியிருக்கிற இலைகளையும் கையால் உருவிவிடுங்கள். ஆமாம், எல்லாவற்றையும். பழைய இலையோடு சேர்ந்து பூச்சியும் போய்விடும்.

தடித்த கிளைகளின் வெட்டுவாயில் காப்பர் ஆக்ஸிகுளோரைடை (பூஞ்சணக்கொல்லித் தூள்) தண்ணீரில் குழைத்துத் தடவலாம். நான் மஞ்சள்தூளைக் குழைத்துத் தடவுகிறேன். பலன் இருக்கிறதோ இல்லையோ, செடிக்கு ஏதோ வைத்தியம் பார்த்த திருப்தி எனக்கு.

படி 3: உரம்

தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி வட்டமாக இரண்டு மூன்று அங்குலம் மண்ணைக் கொத்திவிடுங்கள். தரைச் செடிக்கு நன்றாக மக்கிய தொழுவுரம் 10 கிலோ வரை போடலாம். தொட்டிக்கு, ஓரத்து மேல்மண்ணைக் கொஞ்சம் எடுத்துவிட்டு, இரண்டு மூன்று கைப்பிடி மண்புழு உரமும் ஒரு பிடி எலும்புத்தூளும் போட்டு மூடுங்கள். இப்போது வயிறு நிறையத் தண்ணீர் விடலாம்.

தளிர் விட்ட பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை கடலைப்புண்ணாக்குத் தண்ணீர் கொடுக்கலாம். 100 கிராம் புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, அதைப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து ஊற்றவேண்டும். நாற்றம் அடுத்த வீடு வரை போகும். விருந்தாளி வருகிற நாளில் வேண்டாம்.

படி 4: காத்திருங்கள், கவனியுங்கள்

இரண்டு மூன்று வாரத்தில் குச்சியெல்லாம் தளிர் வெடிக்கும். மொட்டு வர ஒன்றரை முதல் இரண்டு மாதம் ஆகும். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். நிழலில் வைத்துவிட்டு எத்தனை முறை கவாத்து செய்தாலும் இலைதான் வரும்.

இந்தச் சமயத்தில் புதுத்தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறை. உப்பு கலந்த போர்த்தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இது சகஜம். அன்னபேதி உப்பு (ஃபெரஸ் சல்பேட்) 5 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, வெயில் சாய்ந்தபின் இலையில் தெளியுங்கள். பச்சை திரும்பும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். அடியில் இருக்கிற பழைய இலை மஞ்சளானால் அது வேறு கதை. தண்ணீர் தேங்குகிறதா, உரம் போதவில்லையா என்று பாருங்கள்.

மொட்டு வந்த பிறகு இரண்டு எதிரிகள். மொட்டில் ஓட்டை, பக்கத்து மொட்டுகளோடு நூல் கட்டி ஒட்டியிருக்கிறது என்றால் மொட்டுப்புழு. மொட்டு வளராமல் ஊதா நிறமாகி, அடி வீங்கிக் காய்கிறது என்றால் மொட்டு ஈ. பத்து இருபது மொட்டுதானே என்று விட்டால் மற்ற மொட்டுகளுக்கும் பரவிவிடும். கெட்ட மொட்டுகளைக் கீழே போடாமல் பறித்து எரித்துவிடுங்கள், அல்லது பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். கூடவே ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, வாரம் ஒருமுறை மாலையில் தெளிக்கலாம். இலைக்கு அடியில் மெல்லிய வலை தெரிந்தால் சிவப்புச் சிலந்தி. அதற்கு டியூபைப் பிடித்து இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி குறையும்.

பங்குனி, சித்திரையில் தொட்டிச் செடிக்குத் தினமும் தண்ணீர் வேண்டும், காலையில் விடுவது நல்லது. மொட்டு இருக்கும்போது மண் காய்ந்தால் மொட்டெல்லாம் சிறுத்துவிடும்.

படி 5: பறிப்பது

குண்டுமல்லி பெரும்பாலும் மூன்று மூன்றாகக் கொத்து வைக்கும். நடுமொட்டு முதலில் முற்றும், பக்கத்து இரண்டும் பின்னால் வரும். மொத்தமாகக் கொத்தோடு கிள்ளினால் இரண்டு பூ வீண். சாயங்காலம் நான்கு ஐந்து மணிக்கு, பச்சை சாயல் போய் முழு வெள்ளையாகக் குண்டாக இருக்கும் மொட்டை மட்டும் காம்போடு கிள்ளுங்கள். வாழைநாரை ஈரமாக்கித் தொடுத்து வைத்தால் சாப்பிட்டு முடிக்கிற நேரத்துக்கு மலர ஆரம்பிக்கும். பூ விற்கிற தோட்டக்காரர்களுக்குப் பூ ஊர் போய்ச் சேர நேரம் வேண்டுமே, அதனால் அவர்கள் விடியுமுன் பறிக்கிறார்கள். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லியும் அப்படித்தான் சந்தைக்கு வருகிறது. வீட்டுக்காரர்களுக்கு அந்த அவசரம் கிடையாது.

ஒரு கொத்து முழுக்கப் பூத்து முடிந்ததும் அந்தக் கிளையை இரண்டு கணு கீழே வெட்டிவிடுங்கள். மறுபடி தளிர்க்கும், மறுபடி மொட்டு வைக்கும். இதை விடாமல் செய்தால் ஆனி வரை பூ இருக்கும். நான் பூப்பறிக்கும் கூடையிலேயே கத்தரியையும் போட்டு வைத்திருக்கிறேன்.